பாலாற்றுப் படம் ஏலத்துக்குப் போன கதை

ஒரே ஏலத்துக்கு இரண்டு தடவை படம் கொடுத்திருக்கிறேன். 2023 ஜனவரியில் கொடுத்தது 700 ரூபாய்க்குப் போனது. அந்தப் படத்துக்கு நான் செலவழித்தது 2,600 ரூபாய். அடுத்த வருஷம் கொடுத்தது 14,500 ரூபாய்க்குப் போனது. அதற்கான செலவு முதல் தடவையைவிட 450 ரூபாய்தான் அதிகம். இரண்டும் நான் எடுத்த படங்கள், இரண்டும் வேலூர்ப் படங்கள், ஏலம் நடந்ததும் அதே சத்துவாச்சாரி மண்டபத்தில்தான். என்ன மாறியது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்களில் யாராவது இப்படி ஒரு படத்தைச் சட்டம் போட்டுத் தானமாகக் கொடுக்க நினைத்தால் உதவும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஏலம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பயணச் செலவு, மருந்துச் செலவு கொடுக்கும் சிறிய அறக்கட்டளை அது. சிறுநீரகம் முழுவதும் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் படுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தாலும், ஒடுகத்தூரிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ துணைக்கு ஒருவரோடு வேலூர் வந்து போகிற செலவும், அந்த நாட்களில் போகிற கூலியும் குடும்பத்தைச் சாய்த்துவிடும். என் பெரியப்பாவை அப்படிக் கூட்டிக்கொண்டு வந்து போனவன் நான். அதனால் அவர்கள் கேட்டதும் யோசிக்கவே இல்லை, சரி என்றேன்.

யோசிக்காமல் சரி என்றதுதான் முதல் தப்பு. கொடுக்கிற மனசு இருந்தது, கொடுக்கிற பொருளைப் பற்றிய நினைப்பு இல்லை. என்னிடம் இருந்ததிலேயே பெரிதாகத் தெரிந்த படத்தை எடுத்தேன். கோட்டை அகழியில் சாயங்கால வெளிச்சம் விழுகிற படம். 30-க்கு 20 அங்குலத்தில் பளபளப்பாக லேமினேட் செய்து பிரிண்ட் போட்டேன், தங்கக் கலரில் அகலமான சட்டம் போட்டேன். பிரிண்ட் 750, சட்டம் 1,850. மண்டபத்துக்குப் பைக்கில் பின்னால் ஒருவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். இறக்கிப் பார்த்தபோது கீழ்மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

அங்கே எழுத்து ஏலம். பொருள்களை மேசையிலும் சுவரிலும் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு தாள். வேண்டுகிறவர் பெயரும் தொகையும் எழுத வேண்டும். அடுத்தவர் அதற்கு மேல் எழுத வேண்டும். என் படத்தைச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில், எதிரே டியூப்லைட் எரிகிற சுவரில் சாய்த்து வைத்தார்கள். கண்ணாடியில் டியூப்லைட் தெரிந்தது, பந்திக்குப் போகிற கூட்டம் தெரிந்தது, அகழி தெரியவில்லை. ஆரம்ப விலை எதுவும் நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. முதலில் ஒருவர் 200 என்று எழுதினார். அதற்குப் பிறகு ஏறுகிற தொகையெல்லாம் ஐம்பது ஐம்பதாகத்தான் ஏறும். 700-ல் நின்றது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 2,600 ரூபாயை அப்படியே அறக்கட்டளையின் கணக்கில் போட்டிருந்தால் 2,600 போய்ச் சேர்ந்திருக்கும். நான் 2,600 செலவழித்து 700 கொடுத்திருக்கிறேன். பெரியப்பா மாதிரி ஒருவருக்குப் பல தடவை பஸ் செலவுக்கு ஆகியிருக்க வேண்டிய பணம், சட்டத்திலும் லேமினேஷனிலும் கரைந்துவிட்டது. இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: படம் தயாராக ஆகிற செலவைப் போல மூன்று மடங்காவது ஏலத்தில் வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால், அந்தச் செலவைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

பணமாகக் கொடுப்பதில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. வருமான வரியில் 80ஜி என்று சொல்லிப் பழகிய நன்கொடைக் கழிவு, அதாவது கொடுத்த தொகைக்காக வரி கட்டும் வருமானத்தில் கழித்துக்கொள்வது, பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். படம், புடவை, மேசை என்று பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவு இல்லை, காசோலையாகவோ யுபிஐ வழியாகவோ கொடுக்க வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே வராது. முதல் தடவை நான் சட்டம் போட்ட பில்லை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய் நின்றேன். அதற்கு எதுவும் செய்ய முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். வரிக்காகக் கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அவர்கள் மறுபடியும் கேட்டார்கள். இந்தத் தடவை மூன்று மாதம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எந்தப் படம் என்பதில்தான் பாதி வேலை. என் கண்ணுக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். பன்னிரண்டு படங்களை 6-க்கு 4 அளவில் சாதாரணமாகப் பிரிண்ட் போட்டு ஒரு கவரில் வைத்துக்கொண்டேன். காட்பாடியில் என் அலுவலகத்தில் டீ நேரத்தில் மேசையில் பரப்புவேன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் கொடுப்பேன். எது நல்லா இருக்கு என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லாமே நல்லா இருக்கு என்பார்கள். யார் எதை எத்தனை நேரம் கையில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். கோட்டைப் படங்களை எல்லோரும் பாராட்டிவிட்டு உடனே கீழே வைத்தார்கள். கோட்டையை அவர்கள் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறார்கள். ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்தவர்கள் கீழே வைக்காமல் பேச ஆரம்பித்தார்கள். அது பாலாற்றுப் படம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். எங்கள் ஊரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு: தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோயில், மரமில்லா மலை. சாமி இல்லாத குறை 1981-ல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றுக் குறை மட்டும் அப்படியே இருந்தது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடுவதாகப் பாடத்தில் படிப்போம். நேரில் பார்த்தால் காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவில் பாலத்துக்குக் கீழே மணலும் சீமைக் கருவேலமும்தான். என் தலைமுறைக்கு பாலாறு என்பது பாலத்தின் பெயர்.

2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. பாலத்து மேலே ஊரே நின்றது. போலீஸ்காரர்கள் விரட்ட விரட்ட மறுபக்கம் போய் நின்றார்கள். வயசானவர்களைப் பேரப்பிள்ளைகள் ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினார்கள். நான் விருதம்பட்டுப் பக்கம் இறங்கி, தண்ணீரிலிருந்து தள்ளி மேட்டில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஆயா வந்தார். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி ஒரு கல்லின் மேல் வைத்தார். முந்தானையிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துத் தண்ணீரில் போட்டார். கைகூப்பினார். பின்னால் செம்மண் நிறத்தில் அகலமான வெள்ளம், தூரத்தில் பாலத்தின் தூண்கள். இரண்டு தடவைதான் அழுத்தினேன்.

படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்த ஆயாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது. பொது இடத்தில் எடுத்த படம், சட்டப்படி பிரச்சினை இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. என் மொபைலில் இருப்பது வேறு. காசுக்கு ஏலம் விடப்பட்டு யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் இருபது வருஷம் தொங்கப்போவது வேறு. 6-க்கு 4 பிரிண்டை எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துத் தெருக்களில் அலைந்தேன். மூன்றாவது ஞாயிறு, ஒரு மளிகைக் கடைக்காரர் பார்த்த உடனே வீட்டைக் காட்டினார்.

ஆயா படத்தை வாசல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா நைனா, உசுரோட இருக்கிறவள கண்ணாடி போட்டு மாட்டுவாங்களா? பாக்கிறவங்க செத்துட்டான்னு நெனச்சிக்குவாங்க. மாலைய போட்டுடுவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்கு அது பெரிய பாடம். நம் வீடுகளில் வயசானவர் ஒருவரின் படம் தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அப்போது வைத்திருந்த வடிவத்தில் ஆயாவின் முகமும் கைகளும் படத்தில் பாதிக்கு மேல் வருகிற மாதிரி வெட்டியிருந்தேன். நல்ல படம்தான். ஆனால் அதை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? விருந்தாளி வந்து “இவங்க யாரு, எப்ப தவறினாங்க?” என்றுதான் கேட்பார். வீட்டுக்குப் போய் வெட்டாத படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் ஆயா வலது ஓரத்தில் கால்வாசிதான், மீதி முழுக்க ஆறு. ஓரத்தில் ஒரு விளம்பரப் பலகை மட்டும் தொந்தரவாக இருந்தது, அதைக் கொஞ்சம் வெட்டினேன். அடுத்த வாரம் இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். “இது ஆத்து படம். இதுல நான் ஒரு ஓரமா நிக்கிறேன். இத மாட்டலாம்” என்றார். பெயர் மட்டும் எங்கேயும் போடக் கூடாது என்றார். அவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பதும் பேச்சில் முடிவானது. ஒரு தாளில் இதை எழுதி, படித்துக் காட்டி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். மனிதர் முகம் தெரிகிற படத்தைக் கொடுப்பவர்கள் இந்த ஒரு தாளை மறக்காதீர்கள். ஏல மேசையில் யாராவது “இவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்கும்போது, தெரியும் என்று சொல்ல முடிய வேண்டும்.

இனி பிரிண்ட். என் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000-க்கு 4000 புள்ளிகள். வெட்டிய பிறகு 5100-க்கு 3400 இருந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கூர்மையாக இருக்கும், 240 வரை தாங்கும். 18-க்கு 12 அங்குலம் போட்டால் எனக்கு 283 வந்தது. முதல் வருஷம் மாதிரி 30-க்கு 20 ஆசைப்பட்டிருந்தால் 170-க்கு இறங்கியிருக்கும். அதுவும் தவிர, நம் ஊர் வீடுகளில் 30 அங்குலப் படத்துக்குக் காலியான சுவர் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் சாமி படங்கள். வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தைப் பிரிண்டுக்குக் கொடுக்கவே கூடாது, அது படத்தைச் சுருக்கிவிடும். கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பையே பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

நிறம்தான் என்னை அலைக்கழித்தது. திரையில் பார்க்கும்போது வெள்ளம் பால் கலந்த செம்மண் மாதிரி இருந்தது. முதல் பிரிண்டில் அது ரத்தச் சிவப்பாக, இருட்டாக வந்தது. திரை தானே வெளிச்சம் விடுகிறது, காகிதம் விடுவதில்லை. அதனால் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்து வைத்துவிட்டுத்தான் படத்தைத் திருத்த வேண்டும். பிறகு முழு அளவில் போடாமல், ஆறும் ஆயாவின் புடவையும் சேர்ந்து வருகிற ஒரு பட்டையை மட்டும் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். அதைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாவது பட்டையில் நிறம் சரியானது. லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லி, பளபளப்பில்லாத, அமிலமில்லாத தடித்த காகிதத்தில், சீக்கிரம் மங்காத நிறமி மையில் போட்டேன். சோதனைப் பட்டைகளோடு சேர்த்து 1,150 ரூபாய்.

சட்டம் போட்டது பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் கடையில். அவருக்கு முக்கால்வாசி வேலை சாமி படமும் கல்யாணப் படமும் காரியத்துக்கு அவசரமாகக் கேட்கிற படமும்தான். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிப் பழகிய தொழில் அது. அஞ்சு நாள் எடுத்துக்கோங்க பாய், ஆனா நான் பக்கத்துலயே நிக்கணும் என்றேன். என்னை உட்கார வைத்து அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதாமல் விட முடியாது.

“தம்பி, படம் கண்ணாடிய தொடக் கூடாது. நம்ம ஊரு சூட்டுக்கும் மழைக்கும் கண்ணாடி உள்ளார வேர்க்கும். தொட்டுச்சுன்னா ஒட்டிக்கும். அப்புறம் பிரிச்சா படம் கையோட வந்துடும்” என்றார். அதனால்தான் படத்தின் சுற்றிலும் மவுண்ட் போர்டு என்கிற, நடுவில் வெட்டிய தடித்த அட்டை. அழகுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று விடுகிற இடைவெளி. 18-க்கு 12 படத்தைச் சுற்றி மூன்று மூன்று அங்குலம் விட்டு 24-க்கு 18 சட்டம் போட்டோம். மவுண்ட் போர்டும் அமிலமில்லாததாக இருக்க வேண்டும். சாதாரண அட்டை சில வருஷத்தில் மஞ்சள் கோடு போட்டுவிடும். படத்தை நான்கு பக்கமும் பசை தடவி ஒட்டவில்லை. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் காகித நாடா வைத்துத் தொங்கவிட்டார். ஈரத்தில் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும் என்றார். செல்லோடேப்பை அவர் கடையில் படத்தின் பக்கம் கொண்டுவரவே விடுவதில்லை.

சட்டத்துக்குத் தங்கக் கலர் பீடிங், அதாவது ஓரப்பட்டி, வேண்டாம் என்று நான் சொன்னேன், கறுப்பு வேண்டாம் என்று அவர் சொன்னார். “கறுப்பு போட்டா காரியத்துக்குப் போட்ட மாதிரி ஆயிடும்.” ஆயா சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றே. தேக்கு நிறத்தில் முக்கால் அங்குல பீடிங் எடுத்தோம். பின்னால் ஹார்டுபோர்டு, அதன் ஓரம் முழுக்கப் பூச்சி புகாமல் பழுப்பு நிறக் காகித நாடா. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இரண்டு பக்கமும் வளையக் கொக்கி, நடுவில் முறுக்குக் கம்பி. கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு. அது இருந்தால் படம் சுவரை ஒட்டாமல் நிற்கும், ஈரம் ஏறாது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா என்று கேட்டேன். எடை குறைவு, உடையாது, ஆனால் துணி பட்டாலே கீறும், தூசியை இழுக்கும் என்றார். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் அக்ரிலிக் போட்டிருப்பேன். ஊருக்குள்ளேயே போகிற படம், கண்ணாடியே போட்டோம். மொத்தம் 1,900 ரூபாய்.

எடுத்துப்போவதற்கும் அவரே வழி சொன்னார். கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்ட வேண்டும், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. நான்கு மூலைக்கும் அட்டைப்பெட்டியில் வெட்டிய குல்லா. மேலே குமிழ்த்தாள். ஆட்டோவில் சீட்டில் நிற்க வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கிற காருக்குள் அரை மணி நேரம்கூட விடக் கூடாது.

இப்போது படத்தோடு போகிற எழுத்து. முதல் வருஷம் என் படத்துக்குப் பெயரே இல்லை. இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை தயாரித்தேன். அதை எழுத ஒரு வாரம் ஆனது. முதலில் எழுதியது, “பாலாறு பொங்கி வந்த ஆனந்தம்” என்று. எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அதே மழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தது நினைவுக்கு வந்தது. அதில் 4 பேர் குழந்தைகள். 1903 நவம்பரில் இதே ஆறுதான் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. ஆனந்தம் என்ற சொல்லை அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது நாலு வரி: பாலாறு, விருதம்பட்டுக் கரை. 2021 நவம்பர். கரையோரத் தெருவில் வசிக்கும் ஒருவர், தாம் சிறு வயதில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த இடத்தில், ஆற்றுக்கு மஞ்சள் குங்குமம் இடுகிறார். ஊற்றுத் தோண்டியதை ஆயாதான் சொல்லியிருந்தார். அந்த வரிதான் அன்றைக்குப் படத்தை விற்றது என்பது என் எண்ணம். படத்தின் கீழே மவுண்டில் பென்சிலால் கையெழுத்துப் போட்டேன், பென்சில் மங்காது. பின்பக்கம் எடுத்த நாள், காகிதம், மை, வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்ற குறிப்பு, என் தொலைபேசி எண்.

அறக்கட்டளைக்கு ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தேன். பல பேர் இதைச் செய்வதில்லை, பிறகு மனஸ்தாபம் வருகிறது. அதில் ஐந்து விஷயம். ஆரம்ப விலை 4,000, ஏறுகிற தொகை 500-க்குக் குறையாமல். விலை போகாவிட்டால் படம் எனக்குத் திரும்ப வேண்டும், பதிலாக 3,050 ரூபாய் பணமாகத் தருவேன். அழைப்பிதழிலும் அறிக்கையிலும் இந்தப் படத்தை ஒரு வருஷம் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்குகிறவருக்குச் சொந்தமாவது இந்தப் பிரதி மட்டும், பதிப்புரிமை, அதாவது படத்தைப் பிரதி எடுக்கிற உரிமை, என்னிடமே இருக்கும். அவர் வீட்டில், கடையில் மாட்டலாம், விரும்பினால் மறுபடி விற்கலாம், காலண்டர் அடிக்கக் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும், படத்தை விற்றதாலேயே மாறிவிடாது. வெளியான ஒளிப்படத்துக்கு அந்த உரிமை 60 வருஷம். ஐந்தாவது, படத்தில் இருப்பவரின் பெயரை மேடையில் யாரும் சொல்லக் கூடாது.

ஏலத்தன்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே போனேன். சுவரை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், டியூப்லைட் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிற சுவர். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே, நிற்கிறவரின் கண்ணுக்கு நேராக. அட்டையை வலது பக்கம் ஒட்டினேன். விலை எழுதுகிற தாள் பக்கத்தில் எழுதுகிற பேனா இருக்கிறதா என்று பார்த்தேன், அதுகூட ஒரு விஷயம்தான். பிறகு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். எடுத்தவர் பக்கத்திலேயே நின்றால் யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள், விலையும் கூச்சத்தில் எழுதுவார்கள்.

ஏழரைக்குத் தாளில் 7,500 இருந்தது. அதிகம் ஏறிய ஐந்து பொருளை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டு போய் வாயால் ஏலம் விடுவது அவர்கள் வழக்கம். ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர்தான் கூவினார். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுகிற அதே குரல். அவர் முதலில் என் அட்டையில் இருந்த நாலு வரியை நிதானமாகப் படித்தார். மண்டபம் அமைதியானது. எட்டாயிரம், எட்டாயிரத்து ஐநூறு என்று இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன். இன்னொருவர் போர்வெல் லாரி வைத்திருப்பவர். பதினாலாயிரத்தில் பையன் நின்றுவிட்டார். “பதினாலாயிரத்து ஐநூறு ஒரு தரம், ரெண்டு தரம்...” மூணு தரம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

படத்தை வாங்கியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், எங்க அப்பாவும் அங்கதான் ஊத்து தோண்டுவாரு. அஞ்சடியில தண்ணி. நான் இப்ப ஆயிரம் அடி போடறேன்” என்றார். படத்தில் பாலத்தின் எத்தனையாவது தூண் தெரிகிறது என்று கேட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கண்ணாடி மேல் அவர் விரல் ரேகை பதிந்தது. துடைக்கப்போன என்னைத் தடுத்துவிட்டார்.

மறுநாள் அறக்கட்டளைக்கு ஃபோன் செய்து பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டேன். வந்திருந்தது. இதையும் கேளுங்கள், தயங்காதீர்கள். ஏலத்தில் கை தூக்கிவிட்டுப் பணம் கட்டாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி ஆனால் இரண்டாவதாகக் கேட்டவரிடம் போகலாம், அதற்காக அவர் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

ஆயாவுக்குச் சொன்ன பிரதியை 12-க்கு 8 அளவில், அதே காகிதத்தில் போட்டு, பாயிடமே சட்டம் வாங்கினேன். யாருக்கு என்று சொன்னதும் கூலி வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். எவ்வளவுக்குப் போச்சு என்று ஆயா கேட்டார். சொன்னேன். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் சொன்னேன். எத்தனை பேர் பஸ்ஸுக்கு ஆகும் என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன்.

பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருந்தார். கண்ணாடி மேல் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பொட்டு இடது பக்கம், ஆறு இருக்கிற இடத்தில் இருந்தது. தான் நிற்கிற ஓரத்தை அப்படியே விட்டிருந்தார்.